இணைப்பில் பதினேழாவது வரி

ஜூன் 3, திங்கள்

அபர்ணா சொன்னதால் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். அவள் சென்னையில் எங்கள் ஹெட் ஆபீஸில் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். வயது இருபத்தேழு. எனக்கு நாற்பத்து மூன்று. இனி அவள்தான் எனக்கு டீச்சர்.

காலை மீட்டிங்கில் மேனேஜர் கோபிநாத் சார் என்னுடைய மே மாத சேஃப்டி ரிப்போர்ட்டை மேஜையில் போட்டார். பதினான்கு பக்கம். முதல் பக்கத்தின் மேல் எம்.டி. சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இந்த அம்மா என்னதான் சொல்ல வருகிறார்?" அதை சார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். அறையில் எட்டுப் பேர் இருந்தோம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் முடிவதற்குள் ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் திரும்பவும் இறால் உரிக்கும் கூடத்துக்கே போய் மேற்பார்வை பார்க்க வேண்டியதுதானாம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கம்பெனியில் இறால் உரிக்கத்தான் சேர்ந்தேன். தபாலில் டிகிரி, அப்புறம் சேஃப்டி டிப்ளமோ. போன வருஷம்தான் கதவில் போர்டு மாட்டினார்கள். ம. சலேத் மேரி, சேஃப்டி ஆபீசர்.

போனில் அபர்ணா சொன்னது: "தினமும் அஞ்சு வரி எழுதுங்க மேடம். தமிழ்லயே எழுதுங்க. யாரு, என்ன செஞ்சாங்க, அதனால என்ன ஆச்சு. யாருக்கும் காட்ட வேண்டாம்."

இன்றைய ஐந்து வரி. தண்ணி லாரி வரவில்லை. என் வீட்டுக்காரர் ரோமால்டுக்குத் துறைமுகத்தில் பகல் ஷிப்ட். மகள் ஷெரினின் ஸ்கூல் பையில் ஜிப் பிய்ந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, புதன்

மாவு புளித்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

முதல் வகுப்பு, போனில். ஒரு மணி நேரம்.

"மேடம், உங்க ரிப்போர்ட்டைப் படிக்கிறவர் கார்ல போயிட்டிருக்கார்னு நினைச்சுக்கோங்க. கையில போன். உங்களுக்கு அவர் தர்றது அரை நிமிஷம். அவர் என்ன செய்யணும்னு முதல் வரியிலேயே சொல்லிடுங்க. காரணமெல்லாம் அப்புறம். நீங்க என்ன பண்றீங்கன்னா, கதை சொல்றீங்க. காலையில வந்தேன், இதைப் பார்த்தேன், அவரைக் கேட்டேன்னு போயிட்டே இருக்கீங்க. விஷயம் ஒன்பதாம் பக்கத்துல இருக்கு."

நான் சொன்னேன்: "நடந்ததை நடந்த வரிசையில சொன்னாத்தானேம்மா நம்புவாங்க."

"நம்புறது அப்புறம் மேடம். முதல்ல படிக்கணும்ல?"

கோபம் வந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்றும் தெரிந்தது. ஒரு பக்கத்துக்குள் ரிப்போர்ட்டை முடித்துப் பழகச் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 11, செவ்வாய்

மாகாளி அண்ணன் கூப்பிட்டார். முழுப் பெயர் உச்சிமாகாளி. அமோனியா ரூம் ஆபரேட்டர். எங்கள் ஃப்ரீசர்களுக்குக் குளிர் அமோனியாவில்தான் வருகிறது. அந்த மெஷின்களை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவர் அவர்.

"மேடம், ஒரு நிமிசம் வாங்க. ஒண்ணு காட்டுதேன்."

ஏணியில் ஏறினோம். இறால் கூடத்தின் கூரைக்கு அடியில் ஓடும் நாலாம் லைன் குழாய். மேலே சுற்றியிருக்கும் தெர்மாகோல் உறை நனைந்து தொங்கியது. அவர் ஒரு கந்தகத் திரியைக் கொளுத்தி அதன் பக்கத்தில் கொண்டுபோனார். மெல்லிசாக வெள்ளைப் புகை எழுந்தது.

"பாத்தியளா? வெள்ளையா வந்தா கசியுதுன்னு அர்த்தம். இந்தச் சட்டையப் பிரிச்சா உள்ள இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்கே பயமா இருக்கு. இதுக்கு நேர் கீழதான் நம்ம பிள்ளைய நின்னு உரிக்குதுவ."

கீழே பார்த்தேன். நீலத் தொப்பிகள் வரிசையாக நின்றன. ஷிப்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.

"கோபிநாத் சார்ட்ட சொன்னீங்களா அண்ணே?"

"மூணு தடவ சொல்லிட்டேன். நான் வாயால சொன்னா யார் காதுல போடுதா? நீங்க எழுதுங்க மேடம். எழுத்துல போனா ஆள் வரும்."

எழுதுகிறேன் என்றேன்.

ஜூன் 12, புதன்

ஐந்து பக்கம் எழுதிக் கோபிநாத் சாரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

"நாலாம் லைனை மாத்தணும்னா எட்டு நாள் நிறுத்தணும். ஜூலை பதினெட்டாம் தேதி சரக்கு கப்பல் ஏறணும். உங்களுக்குத் தெரியாதா சலேத்?"

"அண்ணன் கந்தகம் காட்டினாரு சார். நானே பார்த்தேன்."

"நானும் பார்த்தேன். கப்பல் போகட்டும், மாத்திடலாம். இப்ப இதை வேற மாதிரி எழுதுங்க." பேனாவை எடுத்து அவரே எழுதிக் காட்டினார். "நாலாம் லைனில் சிறு கசிவு கவனிக்கப்பட்டு, தொடர் கண்காணிப்பில் வைக்கப்பட்டுள்ளது."

எவ்வளவு லாவகமான வரி! யார் கவனித்தார்கள் என்பது இல்லை. கண்காணிப்பது யார் என்பதும் இல்லை. ஆனாலும் வாக்கியம் முழுசாக நிற்கிறது. படித்ததும் மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

இரண்டாம் வகுப்பு. மே மாத ரிப்போர்ட்டை இரண்டு பக்கமாக்கி அனுப்பியிருந்தேன். "சூப்பர் மேடம்," என்றாள் அபர்ணா. என் வேலையை யாராவது சூப்பர் என்று சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! ரோமால்டிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நல்லதுதானே," என்றார்.

ஜூன் 19, புதன்

கூடத்தில் சேஃப்டி வகுப்பு எடுத்தேன், நாலு குழுவாக. அமோனியா வாசனை வந்தால் ஈரத் துணியை மூக்கில் வைக்கணும், காற்று வருகிற திசைக்கு எதிராக ஓடணும். நூற்றுப் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் வரிசை லீடர் ஜெபக்கனி, "எக்கா, நீ பேசுனா டீச்சர் மாதியே இருக்கு," என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ஹெட் ஆபீஸ் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

ஜூன் 24, திங்கள்

மாத செக்லிஸ்ட் முடித்தேன். நாற்பத்தாறு கட்டம். தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, அவசரக் கதவு, அலாரம், எல்லாம் சரி, சரி, சரி. உட்கார்ந்த இடத்தில் இருபது நிமிஷம். ஷெரினுக்குக் காய்ச்சல். சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது.

ஜூன் 28, வெள்ளி

ஜூன் ரிப்போர்ட் போய்விட்டது. ஒரே பக்கம்! நாலு தலைப்பு, முதல் வரியில் முக்கிய விஷயம், எல்லாம் அபர்ணா சொன்ன மாதிரி.

கடைசியில் மூன்று வரி அதிகமாகி அடுத்த பக்கத்துக்கு ஓடியது. ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சரிசெய்துவிட்டேன். நாலாம் லைன் விஷயம் இணைப்பில் இருக்கிறது. அட்டவணையில் பதினேழாவது வரி. இணைப்பும் ரிப்போர்ட்டில் சேர்ந்ததுதானே.

ஜூலை 2, செவ்வாய்

எம்.டி.யிடமிருந்து பதில். "தெளிவாக இருக்கிறது. பாராட்டுகள்." கோபிநாத் சார் மீட்டிங்கில் வாசித்தார். கை தட்டினார்கள். அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரும் தட்டினார்கள்.

திரும்பும்போது மாகாளி அண்ணன் படிக்கட்டில் நின்றார்.

"எழுதிட்டியளா மேடம்?"

"எழுதிட்டேண்ணே."

"என்ன சொன்னாவ?"

"பார்க்கிறாங்க."

"அப்ப ஆள் வந்திரும்," என்று சிரித்தார்.

ஜூலை 4, வியாழன்

அமோனியா ரூம் பக்கம் போகாமல் ஐஸ் ரூம் வழியாக ஆபீஸுக்குப் போனேன். சுற்றுத்தான். ஆனால் அந்தப் பக்கம் வெயில் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

மூன்றாம் வகுப்பு. எண்களைப் படமாகப் போடுவது எப்படி. இன்றும் ஐஸ் ரூம் வழிதான்.

ஜூலை 9, செவ்வாய்

எழுத முடியவில்லை.

ஜூலை 10, புதன்

யாரு, என்ன செஞ்சாங்க, அதனால என்ன ஆச்சு. அப்படியே எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று காலை பத்து நாற்பதுக்கு நாலாம் லைன் வெடித்தது. நான் மாடியில் ஆபீஸில் இருந்தேன். டப்பென்று ஒரு சத்தம், பெரிய டயர் வெடித்த மாதிரி. அப்புறம் சீறல். ஜன்னல் வழியாக நெடி வந்து தொண்டையைப் பிடித்தது. துப்பட்டாவைத் தண்ணீரில் முக்கி மூக்கில் வைத்துக்கொண்டு படியிறங்கி முன்வாசலுக்கு ஓடினேன். கூடத்தின் முன்கதவு வழியாக வெள்ளையாகப் புகை தரையோடு ஊர்ந்து வந்தது. யாரையும் காணவில்லை. உள்ளே கத்தல் மட்டும் கேட்டது. நான் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு பின்பக்கம் சத்தம் கேட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பின்கதவு திறந்திருந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜெபக்கனி ஒருத்தியைத் தோளில் இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் வாயில் நுரை. சிலர் கண்ணைத் திறக்க முடியாமல் மண்ணில் தவழ்ந்தார்கள். ஹோஸ் பைப்பை எடுத்து எல்லோர் முகத்திலும் தண்ணீர் அடித்தேன். அதை மட்டும்தான் செய்தேன்.

திடீரென்று சீறல் நின்றது. மாகாளி அண்ணன் மெயின் வால்வை மூடிவிட்டார் என்று யாரோ கத்தினார்கள். ஃபிட்டர்கள் உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தார்கள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தியிருந்தார். கையை எடுக்க விடவில்லை.

முப்பத்தொரு பேர் அரசு ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். பின்கதவு சிக்கிக்கொண்டது என்று அங்கே பெண்கள் சொன்னார்கள். அண்ணனை மதுரைக்கு, கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஜூலை 11, வியாழன்

பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். வார்டு வாசலில் அவர் மனைவி பேச்சித்தாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அவுக தினமும் சொல்லுவாவ மேடம். சலேத் மேடம் எழுதிட்டாவ, மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்திரும், இனி பயமில்லன்னு. ஒரு வாரமா நிம்மதியாச் சாப்பிட்டாவ."

அந்தக் கையை விடுவித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. விடுவிக்கவில்லை.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணைப் பற்றி ஒரு மாதம் போகாமல் சொல்ல முடியாதாம். உள்ளே விடவில்லை. விடவில்லை என்றதும் ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

கோபிநாத் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். முகம் கறுத்திருந்தது. பாவம், அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

"திங்கட்கிழமைக்குள்ள விபத்து ரிப்போர்ட் வேணும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கும் அதுதான் போகும். ஆபரேட்டர் லைனைத் திறக்கிறப்போ ஏதோ தப்பு பண்ணியிருக்கார், பிரஷர் ஏறியிருக்கு. உங்களுக்குத்தான் இப்ப அழகா எழுத வருதே."

"குழாய் அரிச்சிருந்துச்சு சார்."

"இணைப்புல எழுதினீங்களே சலேத், கண்காணிப்பில் இருக்குன்னு. சேஃப்டி ஆபீசர் கையெழுத்து. கண்காணிக்க வேண்டியது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" குரலை உயர்த்தவே இல்லை. "நான் உங்களுக்காகவும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மாலை அபர்ணாவின் வகுப்பு நேரம். போனை எடுத்ததும் அவள் அழுதாள்.

"பதினேழாவது வரி மேடம். இன்னிக்குத்தான் பார்த்தேன். இணைப்பை இங்க யாருமே திறக்கல. நானும் திறக்கல. ஒரு பக்கத்துல முடிச்சிட்டீங்களேன்னு சந்தோஷப்பட்டேன்."

"அழாதம்மா," என்றேன்.

ஜூலை 13, சனி

முதல் வரைவு. இங்கிலீஷில் எழுதியதன் தமிழ்: "ஜூலை 9 அன்று காலை நாலாம் லைனில் எதிர்பாராத அழுத்த உயர்வு ஏற்பட்டு, குழாயில் உடைப்பு நிகழ்ந்தது. இயக்கத்தில் கவனக்குறைவு இருந்திருக்க வாய்ப்புள்ளது."

எழுத நாலு நிமிஷம்தான் ஆனது. கை தானாகவே எழுதியது.

பகலில் ரோமால்டு சாப்பாட்டு மேஜையில் அதை எடுத்துப் பார்த்தார். இங்கிலீஷ் மெதுவாகத்தான் வாசிப்பார். இரண்டு தடவை வாசித்தார்.

"சலேத்து, இதுல ஆளே இல்லையே," என்றார். "எல்லாம் தானா நடந்திருக்கு."

"ரிப்போர்ட்டுன்னா அப்படித்தாங்க எழுதுவாங்க."

"அந்த மனுசன் கண்ணும் தானாத்தான் போச்சா?"

கத்தினேன். என் வேலை போனால் தெரியும் என்று கத்தினேன். ஷெரின் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஜூன் 28 அன்று இந்த நோட்டில் நான் முழுசாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாலாம் லைனை இணைப்பில் போடு என்று கோபிநாத் சார் சொல்லவில்லை. அவர் எழுதிக் கொடுத்த அந்த மழுப்பல் வரி முதல் பக்கத்தில்தான் இருந்தது. மழுப்பல்தான், ஆனாலும் முதல் பக்கம். அபர்ணா பார்த்திருப்பாள். கசிவா, எவ்வளவு என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாள். மூன்று வரி அதிகமானபோது எதை எடுப்பது என்று பார்த்தேன். இரண்டில் ஒன்று. ஒன்று குழாய். இன்னொன்று, "சேஃப்டி ஆபீசர் சலேத் மேரி 112 தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்தார்."

என் பெயர் இருந்த வரியை வைத்துக்கொண்டேன்.

சிவப்பு மையில் எழுதிய அந்த ஆள் என் பெயரைப் பார்க்கட்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். கப்பலும் இல்லை, கோபிநாத்தும் இல்லை. அதற்குப் பிறகு ஐஸ் ரூம் வழியாக நடந்ததும் வெயிலுக்காக இல்லை.

ஜூலை 15, திங்கள்

காலை ஐந்தரைக்கு எழுந்து எழுதினேன். முக்கால் பக்கம். எம்.டி.க்கும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். கோபிநாத் சாருக்கு நகல். அதன் தமிழ் இது:

"நாலாம் லைன் குழாய்கள் முழுவதையும் மாற்றும்வரை ஆலையை இயக்கக் கூடாது. ஜூலை 9 விபத்து தடுத்திருக்கக்கூடியது. குழாய் அரித்துக் கசிவதை ஆபரேட்டர் உச்சிமாகாளி ஜூன் 11 அன்று எனக்குக் காட்டினார். ஜூன் 12 அன்று மேனேஜர் கோபிநாத்திடம் சொன்னேன். கப்பலுக்குச் சரக்கு போகும்வரை லைனை நிறுத்த அவர் மறுத்தார். ஜூன் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலிருந்து இந்த விஷயத்தை எடுத்து இணைப்பில் வைத்தது நான். அதை யாரும் படிக்கவில்லை. விபத்தின்போது பெண்கள் பதற்றத்தில் நெருக்கியதால் பின்கதவைத் திறக்கத் தாமதமானது. உச்சிமாகாளி தம் இடத்தை விட்டு அகலாமல் நின்று மெயின் வால்வை மூடினார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை."

ஒன்பது மணிக்குக் கோபிநாத் சார் என் அறைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க சலேத்," என்றார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 16, செவ்வாய்

சஸ்பெண்ட். அடையாள அட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

ஜூலை 19, வெள்ளி

இன்ஸ்பெக்டர் ஆலையை மூடி சீல் வைத்துவிட்டார். எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. ஷிப்டு பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை இல்லை. வேறு கம்பெனிகளில் சில பேரைத்தான் எடுத்திருக்கிறார்களாம்.

மத்தியானம் ஜெபக்கனி வந்தாள். உள்ளே வா என்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இன்னமும் இருமல்.

"இன்ஸ்பெக்டர் எங்கள விசாரிச்சாரு. உன் ரிப்போர்ட்ட வாசிச்சுக் காட்டுனாரு. நாங்க பதறி நெருக்குனதால கதவு திறக்கலன்னு எழுதியிருக்கியாமே?"

"நெருக்கடியில சிக்கிக்கிச்சுன்னு நீங்கதானே ஆஸ்பத்திரியில சொன்னீங்க?"

"சிக்கிக்கிச்சுன்னுதான் சொன்னோம். பதறினோம்னு சொன்னோமா? நீ சொல்லிக் குடுத்த மாதியே ஈரத் துணிய வச்சிக்கிட்டு வரிசையாத்தான் போனோம். முன்னால நின்னது நான். என்ன தள்ளியும் கதவு அசையல. நீ அங்க இருந்தியா? நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

"பத்தொம்பது வருசம் ஒண்ணா இருந்துட்டு எங்களப் பத்தியே தெரியலையேக்கா உனக்கு." போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயிலில் கொடியேற்றம். ரோமால்டும் ஷெரினும் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். தெருவில் எல்லோரும் ஆலைக்காரர்கள்.

ஜூலை 30, செவ்வாய்

துணி ஊற வைத்தேன். துவைக்கவில்லை. சாயங்காலம் ஷெரின் அலசிப் போட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கம்பெனியிலிருந்து கடிதம். கடமை தவறியதற்காக வேலையிலிருந்து நீக்கம். கோபிநாத் சாரையும் எடுத்துவிட்டார்களாம். குழாய்களை மாற்றுகிறார்கள், பத்தொன்பதாம் தேதி ஆலை திறக்கும் என்று அபர்ணா சொன்னாள். கடிதத்தின் முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. நல்ல கடிதம்.

கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷம். எனக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாகாளி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்து போனேன். புதுக்கோட்டை ரோட்டில் இரண்டு அறை வீடு. கறுப்புக் கண்ணாடி போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. ஆள் நிற்பது நிழலாகத் தெரியுமாம்.

"யாரு, மேடமா? வாங்க. பேச்சி, சேர எடுத்துப் போடு."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும், பதினேழாவது வரி வரைக்கும். என் பெயர் இருந்த வரியைப் பற்றியும் சொன்னேன். பேச்சித்தாய் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

"ஒரு வாரம் உங்கள நம்பி இருந்தேன்," என்றார் அண்ணன். "நம்பலேன்னா நானே வேலைய நிறுத்திட்டு உக்காந்திருப்பேன்."

"ஆமாண்ணே."

"அந்த ரிப்போர்ட்டு கையில இருக்கா? வாசிங்க."

தமிழில் வாசித்தேன். கடைசி வரிகளுக்கு வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"நிறுத்துங்க. நான் எடத்த விட்டு அகலலன்னு யார் சொன்னா?"

"வால்வை நீங்கதானே மூடினீங்க?"

"மூடுனது பொறவு. வெடிச்ச உடனே நான் ஓடிட்டேன் மேடம். கேட்டு வரைக்கும் ஓடிட்டேன். எனக்குத் தெரியாதா அமோனியான்னா என்னன்னு? உசிரு முக்கியம்னு ஓடுனேன். அங்க நின்னு மூச்சு வாங்கும்போதுதான் பின்பக்கம் கதவு இடிக்குற சத்தம். திரும்பி ஓடுனேன். பின்கதவுக்கு வெளிய காலி கிரேட்ட அடுக்கி வச்சிருக்கான் லோடிங்காரன், கதவு உயரத்துக்கு. வெளிய தள்ளித் திறக்குற கதவு. எப்படித் திறக்கும்? அத்தனையையும் இழுத்துத் தள்ளுனேன். அதுவ வெளிய வந்த பொறவுதான் உள்ள போய் வால்வ மூடுனேன். கண்ணு போனது அப்பத்தான்."

அன்று பின்பக்கம் ஓடியபோது முற்றம் முழுக்கச் சிதறிக் கிடந்த கிரேட்டுகளைத் தாண்டித்தான் போனேன். கால் இடறியதுகூட நினைவு வந்தது. அவை எங்கே அடுக்கியிருந்தன என்று யோசிக்கவே இல்லை. அந்தக் கதவுக்கு நேரே ஜூன் மாதம் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'சரி' போட்டவள் நான்.

"அண்ணே, கிரேட்டைப் பத்தி இப்பவே எழுதுறேன். நீங்க ஓடினதை எழுத வேண்டாம். யாரும் கேக்கப் போறதில்ல."

"ஏன் வேண்டாம்?" குரல் உயர்ந்தது. "நான் உள்ளயே நின்னேன்னா கிரேட்ட எப்படிப் பாத்திருப்பேன்? கம்பெனிக்காரன் வக்கீல் வச்சு ஒரே கேள்வியில பொய்யின்னு ஆக்கிருவான். பத்தொம்பதாம் தேதி திறக்கும்போது அதே எடத்துல திரும்ப அடுக்குவான். ஓடுனேன்னு எழுதுங்க. பயந்து ஓடுனேன்னே எழுதுங்க. எனக்கு ஒரு அவமானமும் இல்ல."

பேச்சித்தாய் உள்ளேயிருந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் கையில் வைத்தார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். இங்கிலீஷில் இல்லை, தமிழில். அண்ணன் சொல்லச் சொல்ல, கேட்டுக் கேட்டு. எது வரைக்கும் பயந்து ஓடினார், கிரேட்டு எத்தனை அடுக்கு, எந்தப் பக்கம், முதலில் எதை இழுத்தார். பெண்கள் பதறவில்லை, வரிசையாக வந்து நின்றார்கள், கதவு வெளியிலிருந்து அடைபட்டிருந்தது, முன்பு நான் எழுதியது தவறு என்று எழுதினேன். செக்லிஸ்ட்டில் கதவைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன் என்றும் எழுதினேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அவர் விரல் பட்ட இடத்தில், கொஞ்சம் கோணலாக, அவரும் போட்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்ஸ்பெக்டர் ஆபீஸில் நேரில் கொடுத்தேன். அங்கேயே நின்றபடி படித்தார். "நீங்க இப்ப அந்தக் கம்பெனியில இல்லையேம்மா?" என்றார்.

"இல்ல சார்."

"சரி, உட்காருங்க." அடுத்த இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வேலை எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் என் பெயரைச் சொன்னதுமே சிரித்தார்கள். ரோமால்டு மீன் வாங்கி வந்தார். கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெபக்கனி. ஒரு மாசமாகப் பேசாதவள்.

"எக்கா, நேத்து ஆலை திறந்தாச்சு. பின்முற்றத்துல ஒரு கிரேட்டு கிடையாது. தரையில மஞ்சக் கோடு போட்டு, இங்க எதையும் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. இன்ஸ்பெக்டரே வந்து நின்னு போடச் சொன்னாராம்."

"கதவு?"

"வேலைக்குப் போறதுக்கு முன்ன அதத்தான் போய்ப் பாத்தேன்." கொஞ்சம் இருமினாள். "ஒத்தக் கையால தள்ளுனேன். திறந்துட்டுது."